தேம்ஸ் சேற்றில் ஆழப் புதையும் பெருமட்டி

இலண்டன் பென்சேர்ச் ஸ்ரீற் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் லீ-ஒன்-சீயில் இறங்கலாம். கடல் வற்றியிருக்கும் வேளையானால் அங்கே தண்ணீரைத் தேடவேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேறுதான். பக்கத்து ஊரான சவுத்எண்டின் இறங்குதுறை 2 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடப்பதும் இதனால்தான். அதற்குள்ளே படகு வர ஆழமில்லை.

இந்தச் சேற்றில் சாவித்துவாரம் போன்ற ஓட்டைகள் ஆங்காங்கே தெரியும். அருகில் காலை வைத்தால் சில ஓட்டைகளிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். கீழே இருப்பது 'சாண்ட் கேப்பர்' என்று ஆங்கிலேயர் அழைக்கும் பெருமட்டி. விஞ்ஞானப் பெயர் மையா அரீனாரியா.

யாழ்ப்பாணக் களப்பிலோ மட்டக்களப்பு வாவியிலோ மட்டி பொறுக்கியவர்களுக்கு ஈரமணலை மேலாகக் கிளறுவது பழக்கமான வேலை. இந்த மட்டி அப்படி அகப்படாது. 10 முதல் 15 சென்ரிமீற்றர்வரை வளரும் இது, 30 சென்ரிமீற்றருக்கும் கீழே போய்விடும். அங்கிருந்து தடித்த தோலுறை போர்த்திய நீண்ட குழலொன்றை மேலே நீட்டுகிறது. அதன் ஒரு வழியால் நீரை இழுத்து, நுண்பாசியை வடித்துண்டு, மறுவழியால் வெளியேற்றுகிறது. அந்தக் குழல் பருத்திருப்பதால் ஓட்டை முழுமையாக மூடிக்கொள்ள முடியாது. வாய் பிளந்தபடி இருப்பதாலேயே ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

ஓடு காப்பாற்றாத உயிருக்கு ஆழமே காவல். குஞ்சுப் பருவத்தில் இறால், நண்டு, தட்டைமீன் எல்லாவற்றுக்கும் இது இரை. ஆழம் போனபின் எட்டிப் பிடிக்கக்கூடியவை குறைவு. நீண்டு வளைந்த அலகுள்ள குதிரைமலைக் கோட்டானுக்குச் சில சமயம் வாய்க்கும். குளிர்காலத்தில் எமது வடபகுதிக் கரைகளுக்கும் வருகிற அதே பறவைதான்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. குஞ்சு மட்டி சில வாரம் கடலில் மிதந்து, பின் நூலிழை விட்டு ஒட்டி, அலை தூக்கினால் வேறிடம் போய்த் தன் சிறு பாதத்தால் மீண்டும் புதைந்துகொள்ளும். உடல் பெருக்கும் அளவுக்குப் பாதம் பெருப்பதில்லை. முதிர்ந்த மட்டியைத் தோண்டி வெளியே போட்டால் அதனால் மறுபடி இறங்குவது மிகக் கடினம். ஆகவே தூண்டில் புழுவுக்காகச் சேற்றைக் கிண்டுவதும், கடலடியை வாரும் இயந்திரங்களும் அதற்குப் பேராபத்து.

சேற்றின் நிலைமையும் இலேசானதல்ல. சில சென்ரிமீற்றர் கீழேயே பிராணவாயு தீர்ந்து, கூழ்முட்டை நாற்றத்துடன் மண் கறுத்துவிடும். மட்டி மேலிருந்து நீர் இழுப்பதால் அதைச் சுற்றிச் சிறிதளவு உயிர்க்காற்று இறங்குகிறது. ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைவதையும் நன்றாகத் தாங்கும். பால்டிக் கடலின் சப்பென்ற நீரிலும் வாழ்கிறது.

இதன் பூர்வீகம்தான் சுவாரசியமானது. ஐரோப்பாவில் பனியூழிக் காலத்தில் அழிந்துபோன இனம் இது. வட அமெரிக்காவில் பிழைத்திருந்தது. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகே ஐரோப்பாவுக்குத் திரும்பியது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1992இல் டென்மார்க் ஆய்வாளர்கள், தமது கரையில் கிடைத்த ஓடுகளின் காலம் 13ஆம் நூற்றாண்டு என்று 'நேச்சர்' இதழில் காட்டினர். நோர்ஸ் கடலோடிகளின் கப்பல்களோடு வந்திருக்கவேண்டும் என்பது அவர்களின் கருத்து. ஐரோப்பாவில் குடியேறி ஏறத்தாழ 700 ஆண்டு. பிரித்தானியப் பட்டியல்களில் இன்னும் வெளிநாட்டு இனம்! எம்மவர் சிலர் இதை வாசித்துச் சிரிக்கக்கூடும்.

1957இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நகருக்குள் ஓடும் தேம்ஸை உயிரற்றதென்றே அறிவித்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு திருந்தியபின் ஆறு மீண்டது. 2025இல் முழுதாக இணைக்கப்பட்ட 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கம், மழைநாளில் ஆற்றில் கலந்த மலநீரைப் பெருமளவு தடுக்கிறது. நீரை வடித்துண்ணும் உயிருக்கு இது பெரிய செய்தி.

அதற்காக வாளியோடு புறப்படவேண்டாம். மட்டி தன் உடலில் கிருமியையும் பாசி நஞ்சையும் சேர்த்து வைக்கும். கிருமி வேகும்போது சாகும், வாதம் வரவைக்கும் பாசி நஞ்சு சாகாது. உணவுத் தரநிலை முகவரகம் தரம் பிரித்து அனுமதித்த இடங்களில் எடுத்து, அதற்குரிய முறையில் சுத்திகரித்ததே சந்தைக்கு வரலாம். ஆகவே கடையில் வாங்குவதே நல்லது. சேற்றில் நடப்பதானாலும் அன்றைய வற்று, பெருக்கு நேரத்தைப் பார்த்தே இறங்குங்கள். வடமேற்கே மோர்கம் குடாவில் 2004 பெப்ரவரி 5 இரவு மட்டி பொறுக்கிய சீனத் தொழிலாளர் குறைந்தது 21 பேரைப் பெருக்கு கொண்டுபோனது.