நெசவு வீடுகளில் ஈரமும் பூஞ்சணமும்

வெண்ணந்தூர், நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்திலுள்ள பேரூராட்சி ஆகும். 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும் வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நெசவு இவ்வூரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று.

கைத்தறிக் காலத்தில் இவ்வட்டார நெசவாளருக்கு வீடே தறிக்கூடம். குழித்தறியில் நெய்பவர் தரையோடு அமர்ந்து, குழிக்குள் கால்களை விட்டு மிதிகளை இயக்குவார். பருத்தி நூல் ஈரப்பதத்தில் வலுக்கூடும். வறண்டால் எளிதில் அறும். எனவே குழியின் ஈரம் பாவுக்கு நன்மை செய்தது. அதே ஈரம் சுவரில் ஓதமாக ஏறியது. கஞ்சியிட்ட நூலிலும் துணியிலும் பூஞ்சணம் பிடித்தது. கஞ்சியின் மாவுப்பொருளே அதற்கு உணவு. இதைத் தவிர்க்க, பாவடி எனப்படும் திறந்தவெளியில் பாவை விரித்துக் கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்தினர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் இவ்வேலை தடைப்படும். நெய்த அளவுக்கே கூலி என்பதால் வருவாயும் குறையும்.

மழை ஓய்ந்தபின், பொங்கலுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தைத் தடுக்கும்; சுவரின் ஈரமும் அதன் வழியே ஆவியாகும். பின்னர் பரவிய சிமெண்டுப் பூச்சும் எமல்ஷன் பெயிண்டும் ஈரத்தை உள்ளே தேக்குவதால், ஓதம் மேலேறிப் பெயிண்ட் உரிகிறது. பழைய மண், செங்கல் சுவர்களுக்குக் கசிவை அடைத்து, காற்றோட்டம் அமைத்து, சுண்ணாம்பு பூசுவதே இன்றும் ஏற்ற முறையாகும்.