தங்கவயலின் லைன் வீடுகள்

கோலார் தங்கவயலின் பழங்கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஐரோப்பிய அதிகாரிகள் வாழ்ந்த பங்களாக்கள், அவர்களது கிளப், ஊரிகத்துத் தேவாலயம் ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய கட்டடம் ஒன்றை இன்றைய வாழ்வுக்கு ஏற்ற வீடாக மாற்றும் வேலை இவ்வூரில் நெடுங்காலமாக நடந்துவந்த இடம் தொழிலாளர்களின் 'லைன்' ஆகும். ஒரே கூரையின் கீழ் ஒற்றையறை வீடுகள் சுவரோடு சுவராக நீண்டு செல்லும் வரிசைக்கு அங்கே வழங்கும் பெயர் அது.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழைப்பாளர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்ததால், 1891இல் சுமார் 7 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1901இல் 38 ஆயிரத்தைத் தாண்டியது. அவர்களுக்குக் கிடைத்தவை தட்டி வீடுகள், அதாவது பிளந்த மூங்கிலைப் பின்னிச் சுவராக நிறுத்திய குடிசைகள். பின்னர் தகரமும் கல்லும் செங்கல்லும் படிப்படியாக அவற்றின் இடத்தைப் பிடித்தன. பகலில் கொதித்து மார்கழி இரவில் சில்லிட்டுப்போகும் தகரக் கூரையின் கீழ், சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வந்தவர் உறங்குவதற்காகப் பிள்ளைகள் பகலெல்லாம் வெளியே இருக்க வேண்டியிருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக 1902இல் வந்த மின்சாரம், அன்றைய உலகில் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று எனப் புகழப்பட்டபோதிலும், அது கொண்டுவரப்பட்டது சுரங்க இயந்திரங்களை ஓட்டுவதற்கே. இத்தகைய நெருக்கடிக்குள் வாழ்ந்த மக்களே பௌத்த சங்கங்களை வளர்த்தனர், தங்கவயலின் சாம்பியன் ரீப் பகுதியில் சித்தார்த்தா புத்தகசாலையை நடத்தினர், தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கினர் என்பதால், லைன்களை வெறும் வறுமையின் சின்னமாகக் காண்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள், பிற்காலத்தில் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் பல குடும்பங்கள் அவ்வீடுகளிலேயே தங்கின. விடியுமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இருட்டியபின் திரும்பும் வாழ்க்கை வழக்கமாயிற்று. முன்புறத் தாழ்வாரத்தை அடைத்து ஓர் அறை, பின்புறத்தில் சமையலிடம், தட்டி இருந்த இடத்தில் செங்கல் எனக் குடியிருந்தவர்கள் தம் கைக்காசில் வீட்டை வளர்த்தனர். இடித்துக் கட்டாமல், நிற்கும் சுவரையும் கூரைச் சட்டத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் இம்முறையைத்தான் இன்றைய கட்டடக் கலை சூழலுக்கு உகந்த மறுபயன்பாடு என்று போற்றுகிறது.

எனினும் குடியிருந்தோரின் முயற்சியால் மட்டும் தீராதவை உண்டு. கழிவுநீர்க் குழாய் இல்லாத வரிசைகளில் மலக்குழிகளை மனிதர் இறங்கிச் சுத்தம் செய்யும் கொடுமை நீடித்தது. 2011இல் அவ்வாறு இறங்கிய தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுத்தூள், சயனைடு மேடுகளாக ஊரின் நடுவே நிற்கிறது; காற்றுக் காலத்தில் அத்தூள் கூரை இடுக்குகளின் வழியே சோற்றுப் பானை வரை வந்து படிவதால், கூரைக்கு அடியில் உள்தட்டு அமைப்பதும் மேடுகளின் மீது செடிகொடிகளை வளர்ப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகின்றன.

தங்கவயலுக்கு மேற்பார்வையாளர்களையும் தேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களையும் அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, நீராவி இயந்திரக் கூடங்களோடு தொழிலாளர் குடியிருப்புகளும் அதில் சேர்க்கப்பட்டன. உள்நாட்டில் பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடுதல் என்பது ஒரு கட்டடத்தின் மதிப்பை அரசு பதிவு செய்து, அனுமதியின்றி இடிக்கவும் மாற்றவும் தடை விதிக்கும் ஏற்பாடாகும். லைன்களுக்கும் அத்தகைய காப்பு தகும். ஆனால் குடியிருப்போரிடம் உரிமைப் பத்திரம் இல்லாத நிலையில் அது வந்தால், வங்கிக் கடனும் கிடைக்காமல் சுவரைத் தொடவும் முடியாமல் அவர்களே வெளியேற்றப்படக்கூடும். ஆகவே பட்டா முதலிலும், கழிவுநீர்க் குழாய் அடுத்தும், பாதுகாப்புச் சட்டம் அவற்றின் பின்னரும் வருவதே முறை.