பந்தல் ஏறிய பன்னீர் திராட்சை

கம்பம் பள்ளத்தாக்கில் விருந்து வைப்பவருக்கு வரவேற்பு பானம் பற்றிய கவலையே கிடையாது. கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைப் பந்தல்தான். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்த்தி, அதில் கருநீலக் கொத்துகள். ‘பன்னீர்’ என்று கேட்டால் பாலாடைக்கட்டியை எடுத்து நீட்டாத ஊர் இது. அந்தப் பழத்தைச் சாறாக்கி, ஒருவருக்கு எலுமிச்சை, இன்னொருவருக்கு இஞ்சி, பிள்ளைகளுக்கு சோடா என்று ஆளுக்கேற்ப கலந்து கொடுத்தால் போதும். ஆனால் அந்த ஒரு கிளாசுக்குப் பின்னால் நிற்கிற கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. யவன மாலுமிகள், இங்கிலாந்துப் பிரபு வீட்டுத் தோட்டக்காரர், பிரெஞ்சுப் பாதிரியார், அமெரிக்கப் பல் மருத்துவர் எல்லோரும் அதில் உண்டு.

தமிழ்நாட்டுக்குக் கடல் வழியே முதலில் வந்தது கொடியல்ல, மது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூறும் பேசுகிறது. மிளகு ஏற்ற வந்த கப்பல் வெறுங்கையோடு வரவில்லை.

ஆளுக்கேற்ப கலந்து கொடுக்கும் வித்தை போன திசை இதற்கு நேர் எதிர். அது இங்கிருந்து மேற்கே போனது. 1632ல் சோழமண்டலக் கரையிலிருந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி வணிகருக்கு அவருடைய சகா எழுதிய கடிதத்தில் ‘பஞ்ச்’ எட்டிப் பார்க்கிறது. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா ஆகிய ஐந்து சரக்குகளும் சேர்ந்த பானம் அது. கையிலிருந்த உள்ளூர் சாராயத்தை எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கும்படி ஆக்கிய இந்த ஏற்பாடு கப்பலேறி லண்டன் போய், அங்கே சீமான்களின் மேஜையில் பெரிய கிண்ணங்களில் அமர்ந்தது. புளிப்பும் இனிப்பும் எவ்வளவு என்பது வீட்டுக்காரரின் இஷ்டம். இன்றைய காக்டெயிலுக்கெல்லாம் இதுதான் பாட்டன் என்பது என் கட்சி.

நம்ம பன்னீர் திராட்சை பிறந்தது வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில். 1850ஐ ஒட்டி, இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் டி கிரே பிரபுவின் ரெஸ்ட் பார்க் மாளிகையில் சீவார்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் இருந்தார். அவர் கறுப்பு ஹாம்பர்க் கொடியையும் அலெக்சாண்டிரியா மஸ்கட் கொடியையும் கலப்பினம் செய்து மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகத்தை உண்டாக்கினார். தாய் தந்தை இரண்டும் பெரிய இடம். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768ல் நட்டு இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிற புகழ்பெற்ற கொடி கறுப்பு ஹாம்பர்க்தான். மற்றது மத்தியதரைக் கடலின் பழைய மணக்கும் திராட்சை. 1845ல் இங்கிலாந்து கண்ணாடி மீதான வரியை எடுத்துவிட்டதால் பணக்காரர் வீடுகளில் கண்ணாடிக் கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே நெருப்பு மூட்டி, வெந்நீர்க் குழாய் ஓட்டிச் செயற்கைக் கோடை உண்டாக்கினால்தான் அங்கே மஸ்கட் பழுக்கும். கம்பத்தில் அந்தச் செலவை சூரியன் பார்த்துக்கொள்கிறது.

இங்கிலாந்துக் கொடி இங்கே வந்த கதையை ஊரில் கேட்டால், 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பார்கள். கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. ஸ்னோவின் கலப்பினம் அதற்கு ஏறக்குறைய பதினெட்டு ஆண்டு பிந்தியது. பாதிரியார் முதலில் நட்டது வேறு திராட்சையாக இருந்து, பன்னீர் பின்னால் வந்து அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கதையில் பாதிரியார் இருப்பது பொருத்தம்தான். பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். கலிஃபோர்னியாவிலும் கத்தோலிக்கத் துறவிகள் மடம் கட்டிய இடமெல்லாம் கொடியும் நட்டார்கள்.

மஸ்கட் ஹாம்பர்க் ரகம் சீனத்துக்கும் போனது. பினாங்கின் நீல மாளிகையைக் கட்டிய செல்வந்தர் சாங் பிஷி 1892ல் யான்டாய் நகரில் ஒயின் நிறுவனம் தொடங்கி ஐரோப்பியக் கொடிகளை இறக்கினார். அங்கே அதற்கு ரோஜா மணத் திராட்சை என்று பெயர். நம்மூர்ப் பன்னீரும் ரோஜா நீர்தான். தொடர்பே இல்லாத இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே மணம் மூக்கில் ஏறியதற்குக் காரணம், ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற வேதிப்பொருள் இந்தப் பழத்திலும் இருப்பதே.

இனி சாறு. அமெரிக்காவில் ஸ்னோவின் காலத்திலேயே ஈஃப்ரெயிம் புல் என்பவர் கான்கார்ட் திராட்சையை உருவாக்கினார். நர்சரிக்காரர்கள் அவருடைய கொடியை வெட்டி வெட்டி நட்டு விற்றுச் செழித்தார்கள். புல் ஏழையாகவே 1895ல் இறந்தார். அந்தக் கான்கார்டை வைத்து 1869ல் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். மதுவை வெறுத்த மெதடிஸ்ட் பக்தர் அவர். தேவாலயத்துக்குப் புளிக்காத ரசம் வேண்டும் என்று, சாற்றைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கி நொதிக்காமல் தடுத்தார். அப்போது அவ்வளவாக விலை போகவில்லை. மகன் சார்லஸ்தான் அதைக் கடைச்சரக்காக்கினார். 1913ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிரையன், பிரிட்டிஷ் தூதருக்கான விருந்தில் ஒயினுக்குப் பதில் திராட்சை ஜூஸ் ஊற்றினார். பத்திரிகைகள் சிரித்தன. நம்மூர் கல்யாணங்களில் அதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

ஈஃப்ரெயிம் புல் இறந்த அதே 1895ல்தான் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவு, மிதமான வெயில், பாசன நீர் எல்லாம் ஒன்றாகக் கூடிய இடம் இது. நாசிக்கில் ஆண்டுக்கு ஒரு பருவம். இங்கே ஆளுக்கொரு மாதம் கவாத்து செய்வதால் எந்த மாதம் வந்தாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகிற சாமிமார்கள் பை பையாக வாங்கிப் போகிறார்கள். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

விதையில்லாத பச்சைத் திராட்சையோடு போட்டி போட முடியாமல் பன்னீர் சந்தையில் தவிப்பதுண்டு. விதை இருக்கிறது, சீக்கிரம் கனிந்து உதிர்கிறது, தூரம் தாங்காது. எல்லாம் உண்மை. ஆனால் மணம், நிறம், புளிப்பு மூன்றும் கொத்தாக உள்ள இதைச் சாறு பிழியாமல் தட்டில் வைத்துத் தின்பதுதான் வீண் என்பேன்.

செய்முறை சுலபம். ஒரு கிலோ பழத்தைக் காம்பு நீக்கி உப்பு நீரில் அலசுங்கள். அரை டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடித்து நீர் கறுப்புச் சிவப்பாகும் வரை இளந்தீயில் வைத்தால் பத்து நிமிடம் ஆகும். சூட்டிலேயே சர்க்கரை சேர்த்து, ஆறியதும் கரண்டியால் மசித்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், விதை உடைந்தால் சாறு கசக்கும். ஒரு பங்கு சாற்றுக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீர் அல்லது சோடா. பக்கத்தில் எலுமிச்சை, இஞ்சிச் சாறு, புதினா, உப்பு, உரித்த பம்பளிமாசுச் சுளை என்று வைத்துவிட்டால் அவரவர் கலந்துகொள்வார்கள்.

பம்பளிமாசும் ஊர் சுற்றியதுதான். ஆசியாவிலிருந்து பார்படோஸ் தீவுக்குப் போய், அங்கே ஆரஞ்சோடு தற்செயலாகக் கலந்து பிறந்ததே கிரேப்ஃப்ரூட். மரத்தில் திராட்சைக் கொத்துபோல் காய்ப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். 1980களில் கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. மதுவின் ருசி தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது. குற்றவாளி மதுவல்ல, பழச்சாறு. பம்பளிமாசிலும் அதே சங்கதி உண்டு. ஆகவே விருந்துக்கு வந்தவர்களில் ரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கிளாசில் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.