சால்ட் லேக்: நீர் வழங்கலும் கழிவுநீர்ப் போக்கும்

கல்கத்தாவின் கிழக்கெல்லையில், இன்று பிதான்நகர் என்ற பெயருடன் விளங்கும் சால்ட் லேக், முற்காலத்தில் வித்யாதரி நதியின் வழியே கடலின் ஏற்றநீர் புகுந்து பரவிய உவர்ச் சதுப்பாகும். ஹூக்ளி நதியின் கரை மேடாகவும், அதற்குக் கிழக்கே நிலம் சரிவாகவும் அமைந்திருப்பதால், குடிநீரை மேற்கே நதியினின்று எடுப்பதும் கழிவைக் கிழக்கே சதுப்புக்கு விடுவதுமே கல்கத்தாவின் நியதியாயிற்று. பல்தாவில் மணற்படுகைகளின் வழியே தெளிவித்த நதிஜலம் 1870 அளவில் நகரை எட்டியது. 1911இல் டாலாவில், 90 லட்சம் காலன் கொள்ளும் எஃகுத் தொட்டி 110 அடி உயரத்தில் நிறுவப்பெற்றது.

கழிவின் சரித்திரமோ இவ்வளவு நேரானதன்று. பொறியாளர் வில்லியம் கிளார்க் 1855இல் வகுத்த திட்டப்படி, 1859 முதல் 1875 வரை பாதாளச் சாக்கடைகள் கட்டப்பட்டன. அவற்றின் கழிவை ஏற்ற வித்யாதரியோ வண்டல் படிந்து தூர்ந்து, 1928இல் மடிந்த நதியென அறிவிக்கப்பட்டது. பின்னர் பொறியாளர் பி. என். டேயின் திட்டத்தால் குல்டி நதிவரை புதிய கால்வாய்கள் வெட்டப்பட்டன.

உவர்நீர் வரத்து ஒடுங்கிய அக்காலத்தில், அங்கிருந்த மீன்வளர்ப்போர் நகரத்தின் சாக்கடை நீரையே ‘பேரி’ எனப்படும் தம் ஆழமற்ற மீன்குளங்களில் அளவறிந்து பாய்ச்சினர். நுண்ணுயிர்கள் மலினத்தைச் சிதைக்க, வெயிலில் செழித்த பாசி பிராணவாயு ஈய, அப்பாசியையும் நுண்ணுயிரிகளையும் உண்டு ரோகு, கட்லா, மிர்கால் மீன்கள் வளர, தெளிந்த நீர் நெல்வயல்களுக்குச் சென்றது. எந்தக் கல்லூரியும் கற்பியாத இந்த வித்தை, கல்கத்தாவின் பொறியியற் சாதனைகளுள் தலையாயதென்றே கொள்ளத்தகும்.

ஜனப்பெருக்கத்திற்கு இடந்தேடிய முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் முயற்சியால், 1962 முதல் யூகோஸ்லாவிய நிறுவனமொன்று ஹூக்ளியின் அடிமணலைக் குழாய்வழியே செலுத்திச் சதுப்பின் வடபகுதியைத் தூர்த்தது. டோஷ்கோவிச் என்னும் நகரமைப்பாளர் அதன்மீது நகரமைத்தார். வீடற்றோர்க்கு அது அவசியமாயிருந்திருக்கலாம். ஆயினும் எத்தனையோ பேரிகள் அதனால் அழிந்தன என்பதை மறைப்பது நியாயமாகாது. எஞ்சிய சதுப்பின் மதிப்பை எண்பதுகளில் பொறியாளர் துருவஜோதி கோஷ் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தூர்ப்பதைத் தடுத்தது; 2002 ஆகஸ்டில் 12,500 ஹெக்டேர் பரப்பு சர்வதேச முக்கியத்துவமுடைய சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதனைப் பேணும் சட்டத்தை மாநில அரசு 2006இல் இயற்றியது.