நரம்பு மண்டலம்: கைப்பழக்கம் இருக்கும் இடம்

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம்; அவற்றிலிருந்து கிளைக்கும் 12 இணை மூளை நரம்புகளும் 31 இணைத் தண்டுவட நரம்புகளும் புற நரம்பு மண்டலம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைக் கையாலேயே செய்பவரின் திறமையைக் ‘கைப்பழக்கம்’ என்கிறோம். அந்தப் பழக்கம் உண்மையில் கையில் இல்லை, இந்த நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. அரத்தால் சாவியின் பல்லைத் தேய்த்து, பூட்டில் நுழைத்துத் திருப்பும்போது உள்ளேயுள்ள லீவர் தகடு எங்கே இடிக்கிறது என்பதை விரல்நுனி உணர்விகள் மின்துடிப்பாக்கி, நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் தண்டுவடம் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. அரத்தின் அடுத்த இழுப்பு அதற்கேற்ப மாறுகிறது. இந்தத் திருத்தத்தைப் பழக்கமாக்குவதில் பெரும்பங்கு பின்தலையிலுள்ள சிறுமூளைக்கு. மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அதில்தான், பெயர்தான் சிறுமூளை!

சுட்ட இரும்பைத் தொட்டதும் மூளை அறியுமுன்பே கை விலகுகிறதே, கைக்கும் தனியறிவு உண்டல்லவா என்று கேட்கலாம். அந்த உத்தரவு கையிலிருந்து அல்ல, தண்டுவடத்திலிருந்து வருகிறது. வலி மூளைக்கு எட்டுவது சற்றுப் பிந்தி. பழக்கம் கையில் இல்லை என்பதை நரம்பு அறுபடுவதும் காட்டும்: மணிக்கட்டு வழியே கைக்குச் செல்லும் நடுநரம்பு மட்டும் அங்கே அறுந்தால் முன்கைத் தசைகள் இயங்கும், விரல் மடங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மரத்துவிடுவதால் சாவியின் பல் தட்டுப்படாது. தைத்துச் சேர்த்தால் புற நரம்பிழை நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். தண்டுவட இழைகள் அப்படி வளர்வதில்லை.