சக்திச் சொட்டும் தமிழ்ப் புத்தகமும்

1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பௌதிகப் பேரறிஞர் ஆர்னால்டு ஸோமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் அப்போது சந்திரசேகர் என்னும் மாணவர் பயின்றுகொண்டிருந்தார். அணுவின் அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றி ஸோமர்பெல்ட் எழுதிய பெருநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் தம் முயற்சியாலேயே கற்றிருந்தார். பேராசிரியர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று அதைத் தெரிவித்தார். அதற்குப் பேராசிரியர் கூறிய விடை இளைஞரைத் திகைக்க வைத்தது. அந்த நூல் எழுதப்பட்ட பின்னர் பௌதிகம் அடியோடு மாறிவிட்டது என்றும், அதில் உள்ளவை பழைய செய்திகளாகிவிட்டன என்றும் நூலாசிரியரே சொன்னார்!

சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. ஹைஸன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் ஆகியோர் கண்ட புதிய முறையை விளக்கினார். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் இயங்கும் விதம் பற்றித் தாம் எழுதி, அச்சில் இருந்த கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் கொடுத்தார். அவற்றைக் கொண்டு சந்திரசேகர் தாமே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத, அது 1929-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. அதே புதிய கணக்கை அவர் கப்பலில் இருந்தவாறே வெண்குறு விண்மீன்களுக்குப் பொருத்திப் பார்த்தார். அத்தகைய விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்குமேல் பொருண்மை உடையதாக இருத்தல் இயலாது என்று இன்று வழங்கும் வரம்பு அக்கணக்கிலிருந்து வளர்ந்ததே. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை யாவரும் அறிவர். விடுதி அறையில் நிகழ்ந்த அந்த உரையாடலை அறிந்தவர் சிலரே.

அப்படி என்னதான் மாறியிருந்தது? சக்தியானது ஒழுகி வரும் நீரைப்போல் இடையறாது வருவதன்று, எண்ணக்கூடிய கூறுகளாகவே வெளிப்படுகிறது என்று 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கூறினார். ஒளியும் அவ்வாறே என்று 1905-இல் ஐன்ஸ்டீன் கூறினார். 1913-இல் நீல்ஸ் போர், அணுக்கருவைச் சுற்றிக் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே எலெக்ட்ரான் ஓடும் என்றார். அவ்வட்டங்களோடு நீள்வட்டங்களையும் சேர்த்து அக்கொள்கையைச் செம்மைப்படுத்தியவர் ஸோமர்பெல்ட். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோன்ற இந்த அழகிய அமைப்பை 1925, 1926 ஆகிய இரண்டு ஆண்டுகளில் எழுந்த புதிய பௌதிகம் கலைத்துவிட்டது. எலெக்ட்ரானுக்குப் பாதை என்று ஒன்று இல்லை. இன்ன இடத்தில் அது காணப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை மட்டுமே கணக்கிட முடியும். மலைமேல் படரும் மூடுபனிக்கு ஓரிடத்தில் அடர்த்தியும் ஓரிடத்தில் மென்மையும் உண்டல்லவா? அதுபோன்றதொரு படத்தைத்தான் இன்றைய நூல்கள் வரைகின்றன. ஆயினும் எலெக்ட்ரானே பனியாகக் கரைந்து கிடக்கிறது என்று கொள்ளலாகாது. தேடிப் பிடிக்கும்போது அது முழுமையாக ஓரிடத்தில்தான் அகப்படும்.

சந்திரசேகரின் அன்னையார் சீதாலட்சுமி அம்மையார், இப்ஸனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். அவ்வில்லத்தில் நார்வே நாட்டு நாடகம் தமிழுக்கு வந்தது. ஜெர்மன் நாட்டுப் பௌதிகமோ ஆங்கிலத்தோடு நின்றது. இதற்குத் தமிழின்மேல் குற்றம் சொல்வார் உளர். அது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் வந்திறங்கி, பின்னர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொல் ஆக்குவதற்கென்றே ஒரு கழகம் நிறுவினர். வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி 1917 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 'அணுவின் கதை' அவர் நூல்களுள் ஒன்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. ஆகவே மொழியும் இருந்தது, எழுதுவோரும் இருந்தனர்.

குறை வேறோரிடத்தில் உள்ளது. அணுவை எளிமையாக விளக்கும் புத்தகங்களும் பள்ளிப் பாடங்களும் பெரும்பாலும் சூரியனையும் கோள்களையும் காட்டிய அளவில் முடிந்துவிடுகின்றன. சந்திரசேகருக்கு 1928-இல் பழையதென்று சொல்லப்பட்ட அதே படமே நம் பிள்ளைகளின் மனத்தில் இன்னும் நிற்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. எம்மொழியிலும் எளிமை செய்யப் புகுந்தோர் இவ்விடத்தில்தான் தயங்குகின்றனர். தயங்காதவர் ஜார்ஜ் காமோ. 1940-இல் வெளிவந்த அவர் நூலில் டாம்ப்கின்ஸ் என்னும் வங்கி எழுத்தர் கனவு காண்கிறார். அக்கனவுலகில் பிளாங்கின் எண் மிகப் பெரியது. காட்டுப் புலி ஓரிடத்தில் நில்லாமல் பல இடங்களில் பரவித் தோன்றுகிறது. நம் தோட்டத்துக் கிராணியார் ஒருவரையே அந்தக் கதைத் தலைவராக வைத்து எழுதியிருக்கலாம்!

சொற்களையும் சிறிது நோக்குவோம். ஆங்கிலத்தில் குவாண்டம் எனப்படுவதை இலங்கையர் 'சத்திச் சொட்டு' என்றனர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சிப்பம்' என்பதும் குவாண்டம் என்பதும் வழங்கின. 'துளிமம்' என்பாரும் உண்டு. சொட்டு என்பது இனிய சொல். ஆனால் சொட்டுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், ஒன்றோடொன்று கலந்தும்விடும். சிப்பமோ உள்ளே எதையோ கட்டி வைத்ததுபோன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் ஒளிக்கூறின் அளவை முடிவு செய்வது அவ்வொளியின் நிறம். இதனை இரு சொல்லும் சொல்லவில்லை. ஊதா ஒளியின் ஒரு கூறு, சிவப்பொளியின் ஒரு கூற்றைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு சக்தியுடையது. ஐம்பது சென் காசை மட்டும் ஏற்கும் பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஐந்து சென் காசுகளைக் குவியலாகக் கொட்டினாலும் அது திறவாது. ஐம்பது சென் காசு ஒன்று போதும். துத்தநாகத் தகட்டின்மேல் எத்துணைப் பிரகாசமான சிவப்பொளியைப் பாய்ச்சினாலும் எலெக்ட்ரான் வெளிவராமையும், மங்கலான புறஊதா ஒளி பட்டதும் வெளிவருதலும் இவ்வகையினவே. சொல் எதுவாயினும், இவ்வொரு செய்தி உடன் சென்றால் போதுமானது.

இராமன் விளைவுக்கு நேர்ந்ததும் இதுவே. 1921-ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் இராமன் நீலக் கடலைக் கண்டு வியந்த கதையைப் பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து அவர் 1928 பிப்ரவரியில் கண்டது கடல் நீலத்தின் காரணமன்று. ஒளிக்கூறு மூலக்கூற்றில் மோதும்போது தன் சக்தியில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்து, நிறம் மாறி வெளிவருவதையே அவர்கள் கண்டனர். இது முற்றிலும் சக்திச் சொட்டின் செய்தி. பெருமையைச் சொல்லிப் பௌதிகத்தை விட்டுவிட்டோம்.

மலேசியத் தமிழாசிரியர்களுக்கு இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2003-இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009-இல் எடுத்த முடிவின்படி படிப்படியாக மீண்டும் தமிழுக்கு வந்தன. 1916-இல் சேலத்தார் எதிர்கொண்ட கேள்வியே மீண்டும் எழுந்து அடங்கியது எனலாம். ஆறாம் ஆண்டு வரை தமிழில் அறிவியல் கற்ற பிள்ளை இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழிக்குச் செல்கிறது. 2021-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் படிவப் பௌதிகப் பாடநூலின் இறுதி இயல் குவாண்டம் பௌதிகமே. கியா பார்மில் வளர்ந்த பிள்ளையும் அங்கே, முன்பின் தாய்மொழியில் கேட்டறியாத ஒரு பொருளை முதன்முறையாகச் சந்திக்கிறது. அதற்கு முன்பே ஒரு தமிழ்ப் புத்தகம் கையில் கிடைத்திருக்குமாயின் சுமை பாதியாகும்.

பள்ளி நூலகத்திற்கு அணுவைப் பற்றிய தமிழ் நூல் வாங்கும் ஆசிரியர், 1926 என்னும் ஆண்டு அதில் எங்கேனும் வருகிறதா என்று முதலில் புரட்டிப் பார்க்கலாம். அட்டைப்படத்தில் வளையங்கள் இருப்பது பற்றிக் கவலை வேண்டா. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமையின் கொடியிலேயே அவை இன்றும் இருக்கின்றன.