பன்னிரண்டு பாய்களில் தொடங்கிய ஜூடோ

ஜப்பானில் சாமுராய் என்னும் போர்வீரர் வகுப்பாருக்கு ஆயுதப் பயிற்சி விருப்பத்தைப் பொறுத்ததன்று. பிறப்போடு வந்த கடமை. மெய்ஜி ஆட்சி அவ்வகுப்பாரின் மானியங்களை நிறுத்தி, 1876ஆம் ஆண்டு ஆணையால் வாள் அணிந்து வெளியே நடமாடுவதையும் தடுத்த பின்னர், போர்க்கலை கற்பதற்கு இருந்த பழைய காரணம் அற்றுப்போயிற்று. வாள்வீரர் சிலர், சகாகிபாரா கென்கிச்சி 1873இல் காட்டிய வழியில், கட்டணம் வாங்கிக்கொண்டு கொட்டகைகளில் மோதிக் காட்டிப் பிழைத்தனர். வெறுங்கையால் எதிரியை மடக்கும் ஜுஜுட்சுவின் ஆசிரியர்களோ, முறிந்த எலும்புக்கும் பிசகிய மூட்டுக்கும் கட்டுப் போடும் வைத்தியத்தில் காலந்தள்ளினர்.

அத்தகைய வைத்தியர்களைத் தேடித்தான் 1877இல் கனோ ஜிகோரோ என்ற மாணவர் தோக்கியோவில் அலைந்தார். ஆங்கில வழியில் பயிற்றிய விடுதிப் பள்ளியில் மூத்த மாணவர்களிடம் அடிவாங்கிய மெலிந்த உடலினரான அவர், முன்னரே வீட்டிற்கு வந்துபோகும் சிலரிடம் இக்கலையைக் கற்பிக்கக் கேட்டிருந்தார். காலம் மாறிவிட்ட பிறகு இது எதற்கு என்று அவர்கள் மறுத்துவிட்டனர். வைத்தியர் ஒருவர் வழியாக ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசானை அடைந்த கனோ, உடலெங்கும் சிராய்ப்பும் களிம்புமாய்த் திரிந்தாலும் ஒருநாளும் பயிற்சியை விடவில்லை. அடிவாங்காமல் தப்பிப்பதற்காகக் கற்க வந்தவர், அடிக்கு அஞ்சாத நிலையை எய்திய பின்னரும் ஏன் தொடர்ந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. எதிரியின் நிலை குலைவது எப்படி என்ற கேள்வி, உடல் வலுவைக் காட்டிலும் அவரை ஆட்கொண்டுவிட்டது எனலாம்.

1882இல் எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த அறையில், ஜூடோ என்று தாம் பெயரிட்ட கலையைக் கற்பிக்க அவர் நிறுவிய கோடோகன் பள்ளியில் முதலாண்டில் சேர்ந்தவர் ஒன்பதுபேர். தம் ஆர்வம் பிறருக்கும் தானே வந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் ஒரு தகுதிச் சான்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்ததால் மாணவர் சோர்வடைவதைக் கண்டு, 1883இல் ‘தான்’ எனப்படும் படிநிலைகளை வகுத்தார். கறுப்புப் பட்டை அதன்பின் வந்தது. 1884இல் தொடங்கிய செம்மை–வெண்மைப் போட்டியில் இரண்டு அணியினர் வரிசையாய் நிற்க, வென்றவர் களத்தைவிட்டு இறங்காமல் அடுத்தவரோடு மோதுவார்; பலரை வீழ்த்தியவருக்கு அன்றே படி உயர்வு கிடைக்கும். உலகெங்கும் சிறுவர்கள் பட்டையின் நிறத்துக்காகப் பயிற்சிக்கு ஓடுவதற்கு வித்திட்டது இந்த ஏற்பாடுதான். அதைக் குறை கூறுவோர், தொடக்கத்திலிருந்தே அது திட்டமிட்டு இட்ட தூண்டில் என்பதை மறந்துவிடுகின்றனர்.

அத்தூண்டிலால் விளக்க முடியாத ஒரு வாழ்க்கையும் இவ்வரலாற்றில் உண்டு. ஃபுகுடா ஆசானின் பேத்தி கெய்கோ, தாத்தாவின் நினைவை முன்னிட்டுக் கனோவே அழைத்ததால் 1935இல் கோடோகனின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடைய அவருக்கு, பெண் என்ற காரணத்தால் போட்டிக் களம் மூடியிருந்தது. 1953இல் பெற்ற ஐந்தாம் தானுக்கு மேல் பெண்களுக்குப் படி இல்லை என்ற நிலையில், ஆறாம் தான் 1972இல்தான் கிட்டியது. பேசி வந்த திருமணத்தை மறுத்து, ஜூடோவை அயல்நாடுகளில் பரப்புமாறு கனோ கேட்டுக்கொண்டதைத் தம் கடமையாக ஏற்ற அவர், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிக் கற்பித்தார். அவர் தோய்ந்தது ஜூ-நோ-காதா என்னும் அடவுத் தொகுப்பில். இருவர் மெதுவாக, தாக்கும் விசைக்கு வளைந்து கொடுத்துச் செய்யும் அதில் எவரும் கீழே வீழ்த்தப்படுவதில்லை, பயிற்சிச் சட்டையும் தேவையில்லை என்பதால் முதுமையிலும் அது கைவிடாது. 2011இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் தான் அளித்தபோது அவருக்கு வயது 98. அப்போதும் அவர் வகுப்பெடுத்துக்கொண்டுதான் இருந்தார்.